படிக்காதீங்க, பாருங்க

பேருந்து வந்து நின்று, கதவும் திறந்து, ஓட்டுநர் ஒருமுறை ஹாரனும் அடித்தாயிற்று. சோல் டீச்சர் ஏறுகிற வழியாக இல்லை. நிறுத்தத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பல் மருத்துவமனைப் போஸ்டரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து நடைபாதையின் விளிம்புக்கு வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண் இரண்டையும் இடுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டைப் பிதுக்கினார். "பல்லைத் தவிர எல்லாம் தெரியுது," என்று பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் பயந்துபோய் பேருந்தில் ஏறிக்கொண்டாள். பேருந்தும் போய்விட்டது. அடுத்தது வர நேரமாகும். அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? அதற்குள் இந்தப் போஸ்டருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்துவிடுவார்.

முழுப்பெயர் சோல் கியோங்ஜா. தென்கொரியாவின் தேகு நகரில், அச்சுக்கூடச் சந்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். தேர்தல் போஸ்டரும் தேவாலயத்து விழா நோட்டீசும் முள்ளங்கி மலிவு விற்பனையும் அவர் கையால் பக்கம் கட்டப்பட்டுத்தான் சுவருக்குப் போயின. இப்போது வட்டாரக் கலாசார மையத்தில் புதன்கிழமை சாயங்காலம் கடைக்காரர்களுக்குப் போஸ்டர் வகுப்பு எடுக்கிறார். பொரித்த கோழிக் கடை பியோங்து, முடிதிருத்தும் அம்மா ஒருவர், சலவைக்கடைக்காரர், புத்தக் கோயில் அலுவலகத்து ஆள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். கடையை மூடிவிட்டு, எண்ணெய் வாசனையோடு வந்து உட்கார்ந்து, டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

திட்டு என்றால் சாதாரணத் திட்டு இல்லை. "கண்ணுக்கு ஒரு வாசல் வேணும்யா. நீ நாலு பக்கமும் வாசல் வெச்சிருக்கே, எவனும் உள்ள வரமாட்டான்," என்பார். இடத்தை வீணாக்காமல் மூலை முடுக்கெல்லாம் எழுத்தை அடைத்துக்கொண்டு வருகிறவர்களிடம், "காலி இடம்னா மூச்சு விடுற இடம். இப்படி அமுக்கினா உன் கோழி செத்துப்போயிடும்," என்பார். பியோங்து எழுந்து நின்று, "அது ஏற்கெனவே செத்த கோழிதான் டீச்சர்," என்பார். வகுப்பு சிரிக்கும்.

வீட்டிலும் விடமாட்டார். அவருடைய கணவர் அவரோடு கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. மச்சினர் மகளின் கல்யாண அழைப்பைக் கையில் வாங்கியதும், மாப்பிள்ளை பெயரைவிட மண்டபத்தின் பெயர் பெரிதாக இருக்கிறதே, யாரோடு கல்யாணம் என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டில் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முன்னோர்களுக்கு வைக்கிற படையல் மேசை ஒன்றைத்தான் அவர் இதுவரை குறை சொன்னதில்லை. எதற்கு அடுத்து எது என்று தெரிந்தவர்கள் வைத்தது, யாரும் கைவைக்க வேண்டாம் என்பார்.

போஸ்டரை எடைபோட அவருக்கென்று ஒரு வழி இருந்தது. தெருவில் கண்ணில் படுவதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடிப்பார். வகுப்பில் அதைத் தலைகீழாக்கி, எழுத்துகள் கரையும்படி மங்கலாக்கித் திரையில் காட்டுவார். "படிக்காதீங்க, பாருங்க," என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். படிக்க ஆரம்பித்தால் புத்தி உள்ளே நுழைந்து சமாதானம் சொல்லும். தலைகீழாகப் பார்க்கும்போது கண் மட்டும்தான் வேலை செய்யும், எது கனம், எது இலேசு, எது முதலில் வந்து விழுகிறது என்று கண் பொய் சொல்லாமல் சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. அதில் தப்பும் இல்லை. பல பேருடைய கடை அந்த வித்தையால் பிழைத்திருக்கிறது.

போன கார்த்திகை வாக்கில், குளிர் இறங்கத் தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை, டீச்சர் மிகுந்த உற்சாகத்தோடு வகுப்புக்கு வந்தார். முந்தின நாள் பேருந்து ஜன்னல் வழியாகப் பிடித்த படம் ஒன்று கையில் இருந்தது. இந்த வருஷத்திலேயே இதுதான் மோசம், தேடினாலும் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே திரையில் போட்டார். தலைகீழாக, மங்கலாக, ஒரு வண்ணக் குழம்பு தெரிந்தது. ஆரஞ்சு, பச்சை, ரோஸ் எல்லாம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன. சுற்றிலும் பூ விளிம்பு. சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய படம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் படங்கள். அடியில் ஒரே கனத்தில் மூன்று தொலைபேசி எண் வரிசைகள்.

என்ன விற்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம் என்றார் டீச்சர். பியோங்து கரோக்கே பாட்டுக்கூடத் திறப்பு விழா என்றார். சலவைக்கடைக்காரர் அறுபதாம் கல்யாணம் என்றார். ஊறுகாய்த் திருவிழா என்று ஒரு குரல். டீச்சர் ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுக் காட்டினார். எல்லா நிறமும் கத்துகிறது, யார் பேச்சைக் கேட்பது? படம் ஏன் சாய்ந்திருக்கிறது, குடித்துவிட்டு ஒட்டினார்களா? மூன்று எண் எதற்கு, மூன்று பேரும் சேர்ந்து பாடுவார்களா? அவருக்கே அன்றைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கதவோரம் அன்றைக்குப் புதிதாக ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும். சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருக்கும் இன்சுன். கடை ஏப்ரனை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்; மடியில் ஒரு காகிதச் சுருள். அவர் எழுந்து நின்று, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு தலை குனிந்தார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். அது நான் செஞ்சதுங்க. சரியா வரலைன்னு எனக்கே தெரியும். அதான் கத்துக்கலாம்னு வந்தேன்."

டீச்சர் இன்னும் சிரிப்பு மாறாத முகத்தோடு, பரவாயில்லை, என்ன வியாபாரம் என்று கேட்டார்.

"வியாபாரம் இல்லீங்க. எங்க வீட்டுக்காரரைக் காணோம். ஞாயித்துக்கிழமையிலிருந்து."

டீச்சரின் கை தானாகப் போய்ப் படத்தை நிமிர்த்தியது, மங்கலை நீக்கியது. ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு மனிதர், சீமைப் பனிச்சம்பழத்தைக் கடித்தபடி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு திரையிலிருந்து எல்லாரையும் பார்த்தார். ஜேகில், அறுபத்துமூன்று வயது, மறதி நோய் உள்ளவர் என்று எழுதியிருந்தது. முந்தின நாள் பேருந்து ஜன்னல் வழியாக இதைப் பார்த்தபோது டீச்சர் ஒரு எழுத்தைக்கூடப் படித்திருக்கவில்லை. சட்டென்று காதெல்லாம் எரிந்தது. காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பார். அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வெட்கப்பட்டவர்களுக்கு ஒரு அவசரம் வரும். உடனே எதையாவது செய்து கணக்கை நேர்செய்துவிட வேண்டும். டீச்சர் இன்சுனின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் செய்து தருகிறேன், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி செய்து தருகிறேன் என்றார். நேராகப் பார்க்கிற மாதிரி ஒரு படம் கேட்டார். இன்சுன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தைத் தேடிக் கொடுத்தார். டீச்சர் தான் கற்ற வித்தை அத்தனையையும் அதில் இறக்கினார். பின்னணியை நீக்கினார். நிறத்தை நீக்கினார், நிறைய நிறங்கள் இரைகிற தெருவில் கறுப்பு வெள்ளைதான் தனியாகத் தெரியும். முகத்தை நட்டநடுவில் பெரிதாக வைத்தார். சுற்றிலும் தாராளமாக வெள்ளை இடம். பார்வை வெளியே ஓடிவிடாமலிருக்க ஒரு கறுப்புக் கட்டம். அடியில் பெயர், ஒரே ஒரு எண். எட்ட நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். முதலில் முகம் வந்தது, பிறகு எண். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அச்சுக்கூடத்து ஆள் மட்டும் முதல் தாளைக் கையில் எடுத்து, "ஒரு மாதிரி இருக்கே டீச்சர்," என்று இழுத்தார். ஒரு மாதிரி இருந்தால்தான் ஆட்கள் நிற்பார்கள் என்று டீச்சர் அவர் வாயை அடைத்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வகுப்பு மொத்தமும் பசைவாளியும் தூரிகையுமாகக் கிளம்பி, சந்தையைச் சுற்றியும் பக்கத்து வட்டாரங்களிலும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டியது. பியோங்து அன்றைக்குக் கோழி பொரிக்கவே இல்லை. டீச்சர் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார், நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வருகிறது.

வெள்ளிக்கிழமை காலையில், தன் போஸ்டரை நாலு பேர் பார்ப்பதைப் பார்க்கலாமே என்ற ஆசையோடுதான் சந்தைக்குப் போனார். இன்சுனின் கடை முன்னால் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து மீன்கடை அம்மாள் இன்சுனைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் கையில் சாவு வீட்டுக்குக் கொடுக்கிற வெள்ளை உறை. தேவாலயத்திலிருந்து கறுப்பு உடுப்பில் வந்த இரண்டு பெண்கள் எந்த மண்டபத்தில் உடலை வைத்திருக்கிறார்கள் என்று மெதுவாக விசாரித்தார்கள். இன்சுன் உறைகளைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டு, "இன்னும் இல்ல, அப்படியெல்லாம் இல்ல," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கடைத் தூணைப் பார்த்தார். கண்ணை இடுக்கவில்லை, எட்டப் போகவில்லை, சும்மா எல்லாரையும் போலப் பார்த்தார். கறுப்புக் கட்டத்துக்குள் நேராகப் பார்க்கும் நிறமில்லாத முகம். இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும் அது எந்தப் படம் என்று. முன்னால் ஊதுபத்தியும் வெள்ளைச் செவ்வந்தியும் வைக்காததுதான் பாக்கி. உயிரோடு அலைந்துகொண்டிருக்கிற மனுஷனுக்குத் தானே பாடை கட்டி ஊரெல்லாம் ஒட்டிவைத்திருக்கிறோம் என்பது புரிந்ததும் முள்ளங்கிக் கூடைமேல் அப்படியே உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு இன்சுன் அவருக்குச் சூடாகப் பார்லித் தண்ணீர் கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீச்சர்தான் கேட்டார்: அன்றைக்கே, வகுப்பிலேயே, மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியாததா என்று நினைத்தேன் என்றார் இன்சுன். பிறகு, அன்றைக்கு வகுப்பில் மடியில் வைத்திருந்த அந்தச் சுருளை எடுத்து முள்ளங்கிமேல் விரித்தார்.

"இது ஊருக்கு எழுதினது இல்லீங்க டீச்சர். அவருக்கு எழுதினது. எங்கயாச்சும் ஒரு சுவத்துல இதை அவரு பார்த்துட்டா, நம்ம வீடுன்னு தெரியணுமில்ல?"

விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். சாய்ந்த படம் வீட்டில் சுவரில் சாய்ந்தேதான் தொங்குகிறது. ஆணி அவர் அடித்தது. பூ விளிம்பு அவர்கள் வீட்டு மேசைவிரிப்பு. சின்னப் படங்களில் ஒன்று செத்துப்போன நாய், ஒன்று அவருக்குப் பிடித்த சோயாவில் ஊறிய எள்ளிலை. மூன்று எண்களில் நடுவில் இருந்தது முப்பது வருஷத்துக்கு முந்திய வீட்டு எண். அவருக்கு இப்போது ஞாபகமிருப்பது அது ஒன்றுதான்; தொலைபேசி அலுவலகத்தில் கெஞ்சி இன்சுன் அதைத் திரும்ப வாங்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே ரோஸ் எழுத்தில், டீச்சர் பேருந்திலிருந்து படிக்காமல் விட்ட வரி இருந்தது: "திட்டமாட்டேன். வந்துடுங்க."

யாருக்காகப் போஸ்டர் என்று முதலில் முடிவு செய், பிறகு பென்சிலைத் தொடு என்று வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தவர் சோல் டீச்சர். அந்தக் கேள்வியை இன்சுனிடம் அவர் கேட்கவே இல்லை. அச்சுக்கூடத்துக்கு ஓடி, இன்சுனின் தாளை ஒரு புள்ளி மாற்றாமல் அப்படியே அச்சடிக்கச் சொன்னார். அச்சுக்கூடத்து ஆள் ஒன்றும் கேட்காமல் இயந்திரத்தைத் தட்டிவிட்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் டீச்சர் சுரண்டுகத்தியோடு தெருத்தெருவாகப் போய்த் தன் போஸ்டர்களைப் பிய்த்து, அந்த இடத்தில் இன்சுனுடையதை ஒட்டினார். அவர் செய்தது எதுவும் லேசில் உரிந்து வராது. நல்ல பசையாகப் பார்த்து வாங்கியிருந்தார். நகக்கண்ணெல்லாம் ரத்தம் கட்டிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆள் கிடைத்துவிட்டார். எந்தப் போஸ்டராலும் இல்லை. போலீசார் எல்லார் கைப்பேசிக்கும் அனுப்பிய செய்தியைப் பார்த்து, பக்கத்து வட்டாரத்துப் பொதுக் குளியல்கூடத்தின் அம்மாள் தகவல் சொன்னார். கால் இரண்டும் வீங்கி, மார்ச்சளி கட்டி, அந்த வாசல் படியில் சுருண்டு கிடந்தாராம். உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், இன்சுன் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். டீச்சர் அறைக்குள் போகாமல் வெளியே நின்றார்.

குளியல்கூடத்துக்கு எதிர்ச்சுவரிலும் ஒன்று ஒட்டியிருந்தது ஞாபகம் வந்து, மறுநாள் அதைப் பிய்க்கப் போனார். அந்த அம்மாள் வாசலைக் கழுவிக்கொண்டே பேச்சுக்கொடுத்தார். யாரோடு பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"வியாழக்கிழமையே அந்த ஆளு இங்க வந்து உக்காந்திருந்தாரு. எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு எனக்குத் தோணுச்சு. எதிர்ல இந்தப் படம். ஐயோ பாவம், செத்துப்போனவரு ஜாடையிலயே ஒருத்தரு இருக்காரேன்னு நெனச்சுக்கிட்டேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அதன் பிறகும் அவர் குளிரில் கழித்தது இரண்டு இரவு: வியாழன் இரவு, வெள்ளி இரவு. டீச்சர் நிம்மதியாகத் தூங்கிய இரவு அதில் ஒன்று. அது நான் ஒட்டினது என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. சுரண்டி முடித்து, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். சொல்லாமல் வந்தது அவருக்கு இன்னொரு வெட்கமாகச் சேர்ந்துகொண்டது.

அடுத்த புதன்கிழமை, இனி வகுப்பு வேண்டாம் என்று மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். பியோங்துவும் மற்றவர்களும் வீட்டுக்கே வந்து, நாங்களும்தானே சிரித்தோம், நாங்களும்தானே ஒட்டினோம் என்று பேசி, இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போதும் வகுப்பு நடக்கிறது. இப்போதும் கண்ணை இடுக்குகிறார், பேருந்தை விடுகிறார், கோழிக்கடைக்காரரைத் திட்டுகிறார். திட்டும்போது நடுவில் சில சமயம் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அந்தக் கறுப்புக் கட்டம் எங்காவது ஒன்று விட்டுப்போயிருக்குமோ என்கிற பயம் மட்டும் அவரை விடவில்லை. தெருவில் எந்தச் சுவரைக் கண்டாலும் ஒரு தரம் கிட்டப் போய்ப் பார்ப்பார்.

விட்டுத்தான் போயிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கோஸ் வண்டிக்காரர் இடம் மாறிவிட, வண்டிக்குப் பின்னால் மூடிக் கிடந்த கடிகாரக் கடையின் இரும்புக் கதவில் அது பளிச்சென்று தெரிந்தது. மழை படாத இடம், நேற்று ஒட்டியது போல இருந்தது. சந்தைக்கு வந்த டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். கத்தி கையிலில்லை. மூலையில் நகத்தைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருக்கும்போதே பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

இன்சுன் தன் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஜேகில் நன்றாக இளைத்திருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

"யாரு வீட்லயோ ஆயிடுச்சு போல," என்றார். "நல்ல முகம். சாகுற வயசில்ல."

இன்சுன் அவரைத் தடுக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல், தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜேகில் அந்த ஈரச் சிமெண்டில், சிதறிக் கிடந்த முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே, வீங்கி வடிந்த காலை மடித்து மண்டியிட்டார். நெற்றி தரையில் படப் படத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். எழுந்து, மறுபடி மண்டியிட்டு இரண்டாவது வைத்தார். மறதி நோய் சாவு வீட்டு மரியாதையை மட்டும் தொட்டிருக்கவில்லை. படத்துக்கு இரண்டு ஆனதும், படத்தின் பக்கத்தில் நிற்கிற வீட்டாருக்கு ஒன்று. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. மனசைத் தேத்திக்குங்க," என்று சொல்லிவிட்டு, டீச்சருக்கு முன்னால் மண்டியிட்டுத் தலை தாழ்த்தினார்.

டீச்சரின் விரல் போஸ்டரின் மூலையிலிருந்து நழுவியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. அதோடு அப்படியே தரையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, நெற்றியை அவற்றின்மேல் வைத்து, சாவு வீட்டார் வணங்குவது போல அந்த மனிதருக்குத் திரும்ப வணங்கினார். ஜேகில் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். இன்சுன் அவருக்குத் தொப்பியைப் போட்டுவிட்டார். டீச்சர் எழுந்திருக்கவில்லை.